பயிற்சி முடிந்த நாளில் பயிற்சியை அளக்கலாகாது

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நிறுவனங்கள் அளிக்கும் பயிற்சி பயன் தந்ததா என்ற கேள்விக்கு, பயிற்சியின் கடைசி நாளிலேயே விடை கிடைத்துவிடும் என்பது மனிதவளத் துறையினரிடமும் பயிற்சி நடத்துவோரிடமும் ஊறிப்போன கருத்து. அன்று மாலை, பயிற்றுநர் எப்படி நடத்தினார், பாடம் புரிந்ததா, அரங்க வசதி போதுமானதாக இருந்ததா, இப்பயிற்சியைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் கருத்துப் படிவம் ஒன்று எல்லோரிடமும் கொடுக்கப்படுகிறது. கூடவே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையில் ஒரு சிறு தேர்வும் நடக்கிறது. படிவத்தின் சராசரி நான்கைத் தாண்டி, தேர்வில் ஏறக்குறைய அனைவரும் தேறிவிட்டால், பயிற்சி வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை போகிறது. இந்த நடைமுறை சோம்பலால் மட்டும் வந்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும், அரை நூற்றாண்டைக் கடந்த வழக்கமும், கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் சில காரணங்களும் இருக்கின்றன. ஆயினும் அது அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கிறது என்பதும், அந்தப் பிழைக்கான விலையைப் பெரும்பாலும் புதிதாக வந்த தொழிலாளியே கொடுக்கிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோட்பாட்டைத் தந்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்டு கிர்க்பாட்ரிக். பயிற்சி இயக்குநர்களுக்கான இதழ் ஒன்றில் 1959–60இல் அவர் எழுதிய நான்கு கட்டுரைகள், பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தன: பயிற்சி பெற்றவர்களுக்கு அது பிடித்திருந்ததா என்பது முதல் படி, அவர்கள் எதையேனும் கற்றுக்கொண்டார்களா என்பது இரண்டாவது, கற்றதை வேலையிடத்தில் செய்கிறார்களா என்பது மூன்றாவது, அதனால் உற்பத்தி, தரம், விபத்து, செலவு ஆகியவற்றில் மாற்றம் வந்ததா என்பது நான்காவது. கிர்க்பாட்ரிக் முதல் படியோடு நின்றுவிடச் சொல்லவில்லை. அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டவர்கள் பின்வந்தவர்கள். அவர்கள் அப்படி நின்றதற்கு, படிகள் என்ற உருவகமே வசதி செய்து கொடுத்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகள் அமைந்திருப்பதாகச் சொன்னவுடன், கீழ்ப்படி உறுதியாக இருந்தால் மேற்படியும் உறுதியாக இருக்கும் என்ற நம்பிக்கை தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது: பிடித்திருந்தால் கற்றிருப்பார்கள், கற்றிருந்தால் செய்வார்கள், செய்தால் பலன் வரும் என்ற சங்கிலி அது. இந்தச் சங்கிலி சோதித்து அறியப்படாத எடுகோள் என்பதை ஜார்ஜ் ஆலிகரும் எலிசபெத் ஜனாக்கும் 1989இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே சுட்டிக்காட்டிவிட்டனர்.

ஆலிகரும் வேறு நான்கு ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதாவது தனித்தனியாக நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வு, அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியே அறுந்திருப்பதைக் காட்டியது. இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் குறிக்கும் எண் ஒட்டுறவுக் கெழு எனப்படும். தொடர்பே இல்லையெனில் அது 0, முழுத் தொடர்பு இருந்தால் 1. பயிற்சி பிடித்திருந்தது என்ற உணர்வுக்கும் பயிற்சி முடிந்தவுடன் அளந்த கற்றலுக்கும் இடையிலான கெழு அந்தத் தொகுப்பாய்வில் 0.02. பயிற்சி என் வேலைக்கு உதவும் என்ற கணிப்புக்கும் கற்றலுக்கும் இடையே அது 0.26 ஆகவும், அதே கணிப்புக்கும் வேலையிடத்தில் கற்றதைப் பயன்படுத்துவதற்கும் இடையே 0.18 ஆகவும் இருந்தது. அதாவது, அரங்கம், உணவு, பயிற்றுநரின் நகைச்சுவை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் கற்றலைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. வேலைக்கு உதவுமா என்ற கேள்வி ஓரளவு சொல்கிறது, ஆனால் அதுவும் போதிய அளவுக்கு இல்லை. கருத்துப் படிவத்தைக் காப்பாற்ற விரும்புவோர் இந்த இரண்டாவது எண்ணைப் பற்றிக்கொள்ளலாம். அப்படியானால் படிவத்திலிருந்து மற்ற கேள்விகளையெல்லாம் அவர்கள் நீக்கிவிட வேண்டும்.

பிடித்திருப்பது கற்றலோடு தொடர்பற்றது என்பதோடு நிலைமை முடிந்துவிடுவதில்லை, சில வேளைகளில் அது கற்றலுக்கு எதிர்த்திசையிலேயே போகிறது. இதற்குத் தெளிவான சான்று பிரிட்டன் அஞ்சல் துறையிலிருந்து கிடைக்கிறது. கடிதங்களைப் பிரிக்கும் வேலை அங்கே இயந்திரமயமானபோது, அஞ்சல் குறியீடுகளை விசைப்பலகையில் தட்டெழுத அஞ்சல்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லியும் லாங்மனும் 72 அஞ்சல்காரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்; இன்னொன்றுக்கு ஒரு மணி நேர அமர்வு இரண்டு; மூன்றாவதற்கு இரண்டு மணி நேர அமர்வு ஒன்று; நான்காவதற்கு இரண்டு மணி நேர அமர்வு இரண்டு, அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள் விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ 35 மணி நேரமே தேவைப்பட்டது; நான்கு மணி நேரக் குழுவினருக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் பிடித்தது. மாதங்கள் கழித்து மறுபடி சோதித்தபோதும் நான்கு மணி நேரக் குழுவினரே மிகுதியாக மறந்திருந்தார்கள். ஆனால் தங்களுக்கு அமைந்த கால அட்டவணையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டவர்கள், மிக நன்றாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தாம். காரணம் எளிது: மணிக்கணக்கில் அவர்கள் முந்தினாலும் நாள்கணக்கில் பிந்தினார்கள், மற்றவர்கள் சில வாரங்களில் முடித்துவிட்டதைத் தாங்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதாக அவர்களுக்குப் பட்டது. அன்றைய அஞ்சல் துறை கருத்துப் படிவத்தை மட்டும் நம்பியிருந்தால், மிகச் சிறந்த முறையைக் கைவிட்டு மிக மோசமான முறையைத் தேர்ந்திருக்கும். ஒரு வார காலத்துக்குள் காலை முதல் மாலை வரை வகுப்புகளை அடைத்துவைக்கும் இன்றைய இண்டக்ஷன் பயிற்சிகள் பெரும்பாலும் அந்த நான்கு மணி நேரக் குழுவின் வழியில்தான் நடக்கின்றன என்பதையும், அவை நல்ல மதிப்பெண் வாங்குவதில் வியப்பில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படிவத்தை விட்டுவிடுவோம், கடைசி நாள் தேர்வு இருக்கிறதே என்று கேட்கப்படலாம். தேர்வு படிவத்தைவிட மேலானது என்பது உண்மை. ஆனால் அது அளப்பது அன்றைக்கு நினைவில் இருப்பதை. தந்தி இயக்குபவர்களின் திறன் வாரந்தோறும் எப்படி வளர்கிறது என்று அளந்து பிரையனும் ஹார்ட்டரும் 1897இல் வெளியிட்ட ஆய்வில், தந்தி அனுப்பும் திறன் விரைவாக உயர்ந்தபோதும், வரும் தந்தியைக் கேட்டு வாங்கும் திறன் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுப் பிறகே மேலேறியது தெரியவந்தது. நின்ற வாரத்தில் தேர்வு வைத்தால் தந்தி கற்பவர் தேறாதவர். ஏறிய வாரத்தில் வைத்தால் வல்லவர். இரண்டும் ஒரே மனிதர்.

தேர்வுக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைத் தமிழ்நாட்டுப் பஞ்சாலை ஒன்றின் ரிங் ஃபிரேம் பிரிவில் அருகிலிருந்து பார்க்கலாம். பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கி நூலாக்கிக் கண்டில் சுற்றும் இந்த எந்திரத்தில், இன்று ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் இருக்கின்றன. நூல் அறுந்தால் அதை ஒட்டுவது பீசிங் எனப்படும். அதைச் செய்பவர் சைடர். புதிதாக வந்தவருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பீசிங்: கண்டை நிறுத்தி, நூல் முனையைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடும் டிராவலரில் கோத்து, மேலேயுள்ள கண்ணி வழியாக ஏற்றி, முன் உருளையிலிருந்து இறங்கும் இழையோடு சேர்க்க வேண்டும். பயிற்சிக் கூடத்தில் ஒரே கதிரின் முன் நின்றுகொண்டு, மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்க, இதைச் சில நொடிகளில் முடிப்பதற்குப் புதியவர்கள் விரைவிலேயே பழகிவிடுகிறார்கள். பயிற்சி முடிந்தது என்று சான்றளிக்கவும் அதுவே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. ஷிப்டில் அவர் செய்ய வேண்டியதோ வேறு. நீண்ட பக்கங்களைச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். சுற்றின் ஒழுங்கு கெடாமல், எந்தக் கதிரில் அறுந்திருக்கிறது என்று நடக்கும் வேகத்திலேயே கண்ணில் பட வேண்டும். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் அதை முதலில் எடுக்க வேண்டுமா, பத்தடி தள்ளி அறுந்திருக்கும் மூன்று நூல்களை முதலில் ஒட்ட வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். கண்டு நிறைந்து மாற்றிய பிறகு ஒரே நேரத்தில் பல இடங்களில் அறுவதைப் பதறாமல் சமாளிக்க வேண்டும். இவை அனைத்தையும் இரவு ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்திலும் செய்ய வேண்டும். இவற்றில் எதையும் அந்த ஒற்றைக் கதிர்ச் சோதனை தொடவில்லை.

அப்படியானால் ஷிப்டுக்கு அனுப்பி, அவருடைய பக்கங்களில் நூறு கதிர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை முறை நூல் அறுகிறது என்று மில்களில் வழக்கமாகக் கணக்கிடுவதைக் கொண்டு புதியவரை மதிப்பிட்டுவிடலாமா என்றால், அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நூல் அறுவது பஞ்சின் கலவை, கூடத்தின் ஈரப்பதம், எந்திரத்தின் பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. பழைய எந்திரத்தில் நிறுத்தப்பட்ட புதியவர் மோசமாகக் கற்றவராகவும், புதிய எந்திரத்தில் நிறுத்தப்பட்டவர் நன்றாகக் கற்றவராகவும் தோன்றிவிடுவார்கள். அதே ஃபிரேமில், அதே கலவையில், அனுபவமுள்ள சைடர் ஒருவரோடு ஒப்பிட்டால்தான், அறுந்த நூல் எவ்வளவு நேரம் ஒட்டப்படாமல் கிடக்கிறது என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒப்பீடு இல்லாத எண் எதையும் மதிப்பிடுவதில்லை.

இதே குறை, பயிற்சித் துறையினர் பெருமையோடு காட்டும் முன்–பின் ஒப்பீட்டையும் அடித்துவிடுகிறது. சேர்ந்த வாரத்தில் இவ்வளவு, மூன்று மாதம் கழித்து இவ்வளவு, ஆகவே பயிற்சியின் பலன் இவ்வளவு என்று கழித்துக் காட்டும் கணக்கு, அனுபவமுள்ள தொழிலாளர்களைப் பொறுத்தவரை ஓரளவு நியாயமாக இருக்கலாம். புதியவர்களைப் பொறுத்தவரை அதில் நியாயமே இல்லை. புதிதாக வந்த எவரும், பயிற்சியே கொடுக்காவிட்டாலும், மூன்று மாதத்தில் முன்னேறியிருப்பார்கள். பக்கத்து எந்திரக்காரரைப் பார்த்தும், திட்டு வாங்கியும், தவறு செய்து திருத்தியும் கற்றிருப்பார்கள். அந்த முன்னேற்றம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் வரவு வைப்பது, பக்கத்து எந்திரக்காரரின் உழைப்பைக் களவாடுவதாகும். அதோடு மூன்றாவது மாதத்தில் அளக்கப்படுபவர்கள் மூன்று மாதம் தாங்கியவர்கள் மட்டுமே. முதல் மாதத்திலேயே விட்டுப் போனவர்கள் சராசரியிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களில் பலர் வேலை பிடிபடாமல் போனவர்கள் என்றால், பயிற்சி எந்த அளவுக்குத் தோற்றதோ அந்த அளவுக்குச் சராசரி உயர்ந்து தெரியும். விலகியவர்களையும் எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளாத மதிப்பீட்டை மதிப்பீடு என்று ஏற்பது கடினம்.

கற்றது வேலையிடத்துக்கு வந்து சேராதபோது குற்றம் யார்மேல் சுமத்தப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சரியாகக் கவனிக்கவில்லை, ஆர்வமில்லை, இந்தத் தலைமுறையே இப்படித்தான் என்று புதியவரின் மேல்தான் அது வந்து விழுகிறது. திமோத்தி பால்ட்வினும் கெவின் ஃபோர்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி மாற்றம் எனப்படும் இந்த நிகழ்வை, அதாவது கற்றது வேலையில் இடம்பெறுவதையும் அங்கே நிலைத்திருப்பதையும், மூன்று காரணங்களோடு இணைத்தது: கற்பவரின் இயல்பு, பயிற்சியின் வடிவம், வேலையிடச் சூழல். மூன்றாவதில் மேற்பார்வையாளரின் ஆதரவும், கற்றதைச் செய்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பும் அடங்கும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாதுகாப்பான முறையைப் புதியவர் செய்யத் தொடங்கும்போது, அதெல்லாம் கிளாஸோட போச்சு, இங்கே சீக்கிரம் ஓட்டு என்று லைன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டால், ஒரு வாரப் பயிற்சி ஒரு நொடியில் அழிந்துவிடுகிறது. அந்தச் சொல் எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை. பயிற்சியில் பத்து விழுக்காடுதான் வேலையிடத்துக்கு வருகிறது என்று கருத்தரங்குதோறும் சொல்லப்படும் எண்ணை இங்கே துணைக்கு அழைக்கத் தேவையில்லை. அது டேவிட் ஜார்ஜன்சன் 1982இல் எழுதிய கட்டுரையில் தரவு எதையும் காட்டாமல் ஊகமாகச் சொன்னது, பின்னர் பலர் அதை ஆய்வு முடிவுபோல் எடுத்தாண்டார்கள். பொய்யான எண்ணை எதிர்க்கும்போது, நமக்கு வசதியான பொய் எண்ணையும் கைவிட்டாக வேண்டும்.

நான்காவது படிக்கும் மேலே ஏறி, பயிற்சியில் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பியது என்று கணக்கிடும் முறையை ஜாக் ஃபிலிப்ஸ் பரப்பினார். பண மொழியில் பேசினால்தான் நிர்வாகம் கேட்கும் என்பது அதன் வாதம். அம்முறையில், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாதபோது, முன்னேற்றத்தில் எத்தனை விழுக்காடு பயிற்சியால் வந்தது என்று பயிற்சி பெற்றவரையே மதிப்பிடச் சொல்லி, அந்த மதிப்பீட்டில் அவருக்கு எத்தனை விழுக்காடு நம்பிக்கை என்றும் கேட்டு, இரண்டையும் பெருக்கிக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. கவனத்தோடு செய்வதுபோல் தோன்றினாலும், ஓர் அபிப்பிராயத்தை இன்னோர் அபிப்பிராயத்தால் பெருக்கினால் கிடைப்பது அபிப்பிராயமே. முதல் படியிலிருந்த கருத்துப் படிவம்தான் இங்கே ரூபாய்க் குறி போட்டுக்கொண்டு ஐந்தாம் படியில் வந்து நிற்கிறது.

சரியாக அளப்பது நடைமுறையில் இயலாது, ஆய்வுக்கூடமா தொழிற்சாலையா என்பதுதான் இத்தனைக்கும் கடைசியாக வைக்கப்படும் பதில். இதற்கு மறுமொழி பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலேயே கிடைத்துவிட்டது. அங்கே பெண் தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு நடந்த வாழ்க்கைத்திறன் பயிற்சியை அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தவர்களுக்குள் குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் கொடுக்கப்பட்டது. கிடைக்காதவர்கள் ஒப்பீட்டுக் குழுவானார்கள். இரு சாராருமே விரும்பி வந்தவர்கள் என்பதால், ஆர்வம் உள்ளவர் நன்றாக வேலை செய்தார் என்ற மயக்கத்துக்கு அங்கே இடமில்லை. அளவீட்டுக்குப் பயன்பட்டவையும் தொழிற்சாலை ஏற்கெனவே நாள்தோறும் எழுதிவந்த உற்பத்திப் பதிவுகள்தாம். பயிற்சி முடிந்த பிறகு, பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட 13.5 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

புதியவர்களுக்கும் இதையே செய்ய முடியும். ஒரு மாதத்தில் அறுபது பேர் சேர்ந்து, பயிற்சிக் கூடத்தில் முப்பது பேருக்கே இடமிருக்கும் என்றால், எப்படியும் முப்பது பேர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கத்தான் போகிறார்கள். யார் முதலில் என்பதை மேலாளரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தால், கூடுதல் செலவே இல்லாமல் ஒப்பீட்டுக் குழு கிடைத்துவிடும். ஆனால் ஆபத்தான எந்திரங்களில் பயிற்சி இல்லாமல் எவரையும் நிறுத்துவதற்கு இந்த வாதம் இடம் தராது. அங்கே ஒப்பிட வேண்டியது பயிற்சிக்கும் பயிற்சியின்மைக்கும் இடையில் அல்ல, ஒரு பயிற்சி முறைக்கும் இன்னொன்றுக்கும் இடையில்.

ஆபத்தான எந்திரம் என்னும்போது அளவீட்டுப் பிழை கணக்கோடு நிற்பதில்லை, கைவிரலில் போய் முடிகிறது. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவர்கள், ஓராண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர்களைவிட மும்மடங்குக்கும் கூடுதலாக, வேலைக்குப் போக முடியாத அளவுக்குக் காயமடைகிறார்கள் என்று டொராண்டோவின் வேலை–நலவாழ்வு ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. பயிற்சி வெற்றி என்று அறிக்கை போன மறுநாள் தொடங்குவதுதான் அந்த முதல் மாதம். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதை அந்த அறிக்கைகளைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தது. ஆபத்தான எந்திரத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவர் வேலை செய்ய வேண்டுமானால், அவருக்கு ஆபத்துகள் முழுமையாக விளக்கப்பட்டிருப்பதோடு, அந்த எந்திரத்தில் போதிய பயிற்சி கிடைத்திருக்க வேண்டும், அல்லது அதை முழுமையாக அறிந்த ஒருவரின் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்று அது விதித்தது. இத்தனை நாள் பயிற்சி என்று அப்பிரிவு எண்ணிச் சொல்லவில்லை. பயிற்சி போதுமான நிலையை எட்டும்வரை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்தது. வயது வந்த புதியவருக்கும் இதே ஏற்பாடு பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை. பயிற்சி மதிப்பீட்டின் முதல் பயன்பாடு, பக்கத்தில் நிற்பவர் எப்போது விலகலாம் என்று முடிவுசெய்வதாகத்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி எப்போது முடிந்தது என்பதை யாரும் வேலையிடத்தில் அளக்காததால் வரும் இன்னொரு தீங்கு, தமிழ்நாட்டுக்கு மிக நன்றாகத் தெரிந்தது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டாரப் பஞ்சாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டத்தின் கீழ், இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அப்ரண்டிஸ் என்ற பெயரில் சேர்க்கப்பட்டு, முடிவில் மொத்தத் தொகை தரப்படும் என்ற வாக்குறுதியோடு, குறைந்த கூலியில் முழு ஷிப்டும் வேலை வாங்கப்பட்டார்கள். பீசிங்கும் சுற்று வேலையும் பிடிபட மூன்று ஆண்டு ஆகாது என்பது மில்லில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். எனினும் பயிற்சி முடியும் நாளை ஒப்பந்தம் தீர்மானித்ததே தவிர, கை வேலை தீர்மானிக்கவில்லை. பெங்களூரு ஆய்விலும் இதற்கு ஒரு நிழல் உண்டு: உற்பத்தித்திறன் 13.5 விழுக்காடு உயர்ந்தபோது கூலி உயர்ந்தது ஏறத்தாழ அரை விழுக்காடு. நிர்வாகத்துக்கு என்ன பலன் என்று மட்டும் கேட்கும் மதிப்பீட்டில் இந்த இடைவெளி வெற்றியின் கணக்கில் சேர்ந்துவிடும். கற்றவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஆகவே பயிற்சி மதிப்பீட்டு அறிக்கையில், அரங்க வசதிக்கான சராசரி மதிப்பெண் இருந்த இடத்தில், ஒவ்வொரு புதியவரும் அதே எந்திரத்தில் அனுபவத் தொழிலாளியின் அளவை எட்டிய தேதியும், எட்டாமல் விலகிப் போனவர்களின் எண்ணிக்கையும், எட்டியவர்களுக்கு அந்தத் தேதியிலிருந்து முழுச் சம்பளம் வழங்கப்பட்டதா என்ற விவரமும் இடம்பெற வேண்டும்.